குறைந்த செலவில் வீட்டுக் கணினி: கடைக்குப் போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

உறவில் ஒருவருக்குக் கணினி அசெம்பிள் செய்து கொடுத்துவிட்டால் போதும், பிறகு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி அதைப் பற்றியதாகவே இருக்கும். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், மாமா ஓய்வு பெற்றுக் கணக்கு எழுதித் தரும் வேலையைத் தொடங்கியிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு விளையாட வேண்டும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என் தொலைபேசிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்ற சுயநலத்தில் எழுதியது இது.

முதலில் எதை முடிவு செய்வது? பட்ஜெட்டையா, கணினியின் மூளையான ப்ராசஸரையா?

இரண்டையும் அல்ல, அந்தக் கணினியில் ஓடப்போகும் மென்பொருளை. டேலி வேண்டுமா? ஆட்டோகேட் வேண்டுமா? ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகிக் கையெழுத்திட வேண்டுமா? அப்படியென்றால் விண்டோஸ்தான். வலைத்தளம், வகுப்புக் காணொளி, கடிதம், விரிதாள், நிரல் எழுதிப் பழகுவது என்றால் லினக்ஸ் போதும். இயங்குதளத்துக்கான செலவு பூஜ்யம். காணொளித் தொகுப்பு என்றால் ரேமும் (வேலை நடக்கும்போது தரவு தங்கும் நினைவகம்) எஸ்எஸ்டியும் (கோப்புகளை நிரந்தரமாக வைக்கும் வேகமான சேமிப்பகம்) கூடுதலாக வேண்டும். இந்தப் பதில் கிடைக்காமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் தேவை என்று ஆகிவிடும்.

விலைப்பட்டியல் கொடுங்களேன்?

கொடுக்க மாட்டேன். 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளிக்கொண்டு போகப்பட்டதில், ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மைக்ரான் நிறுவனம் நுகர்வோருக்கு விற்றுவந்த தன் குரூஷியல் வணிகத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. நான் எழுதும் விலை நீங்கள் படிக்கும்போது பொய்யாகியிருக்கும். வாங்கும் நாளில் இரண்டு இணையக் கடைகளின் விலையைத் தாளில் குறித்துக்கொண்டு தெருக்கடைக்குப் போங்கள்.

“ஐ5 கணினி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டர் உட்பட” என்று நம்ப முடியாத விலையில் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

நம்ப முடியவில்லை என்று உங்கள் மனம் சொல்கிறது அல்லவா, அதைக் கேளுங்கள்.

ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் ப்ராசஸர் சில்லுகளில் ஒரு வகுப்பின் பெயர். அது எந்த ஆண்டில் பிறந்தது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. பேருந்தில் “டீலக்ஸ்” என்று எழுதியிருப்பது போலத்தான். வண்டி எத்தனை வருடப் பழசு என்று பலகையில் தெரியாது. ஐ5 2400 என்ற சில்லு 2011இல் வந்தது. ஐ5 3470 அதற்கு அடுத்த ஆண்டு. ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை: 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 8500 என்றால் எட்டாவது, 12400 என்றால் பன்னிரண்டாவது. விளம்பரத்தில் அந்த எண்ணை மட்டும் கவனமாக விட்டுவிடுவார்கள்.

எங்கோ அலுவலகக் கணினியில் பல வருடம் உழைத்த சில்லைப் பிடுங்கி, அந்தப் பழைய சில்லுகளுக்கான ஹெச்61 வகையில் புதிதாகச் செய்த மலிவு மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகப்படும் தாய்ப்பலகை) பொருத்தி, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் கொண்ட கேபினெட்டில் வைத்தால் பார்ப்பவருக்குப் புத்தம் புதுக் கணினி. மதுரையில் இருக்கும் என் சித்தப்பா மகன் அப்படி ஒன்றை வாங்கினான். விளக்குகள் இன்றும் அழகாகத்தான் எரிகின்றன. ஆனால் அதில் இருப்பது டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம். விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, ஏனென்றால் அதற்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட இன்றைய எளிய ஐ3 12100, அந்தப் பழைய ஐ5ஐ எல்லா வேலையிலும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

அப்படியானால் எந்த ப்ராசஸர்?

திரையில் படம் காட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லை என்ற நிலையில் நான் பெரும்பாலும் சொல்வது இரண்டு. ஒன்று ஏஎம்டி ரைசன் 5 5600ஜி: 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைத் தடங்கள்), உள்ளேயே வேகா கிராபிக்ஸ். மற்றொன்று இன்டெல் கோர் ஐ3 12100: 4 கோர், 8 த்ரெட், உள்ளே யுஹெச்டி 730 கிராபிக்ஸ். அலுவலக வேலைக்கு மட்டும் என்றால் ஐ3. பையன் கொஞ்சம் விளையாடவும் செய்வான் என்றால் 5600ஜி. பெட்டியில் வரும் இரண்டுக்கும் விசிறி கூடவே வருகிறது, தனியாக வாங்க வேண்டாம்.

இங்கே ஒற்றை எழுத்தில் பணம் போய்விடும். ரைசன் 5 5600 வேறு, 5600ஜி வேறு. முதலாவதில் கிராபிக்ஸ் கிடையாது. 5500இலும் கிடையாது. இன்டெலில் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் அதிலும் கிடையாது. “நூறு இருநூறு குறைவாகத் தருகிறேன், அதே சில்லுதான்” என்று 12100எஃப் பெட்டியை நீட்டினால் வாங்கி வந்து எல்லாவற்றையும் பூட்டி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்: விசிறி சுற்றும், திரையில் எதுவும் வராது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் விளையாட முடியுமா?

5600ஜியில் வாலரன்ட், ஜிடிஏ 5 போன்றவை காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் ஓடாது. ஓட வேண்டும் என்றால் இது குறைந்த செலவுக் கணினி அல்ல. அதற்கு வேறு கணக்கு. கிரிப்டோ நாணயச் சுரங்க வேலையில் இரவு பகலாக வெந்த பழைய கார்டுகள் சந்தையில் சுற்றுகின்றன. உத்தரவாதம் மிச்சம் இருப்பதாகப் பில் காட்டினால் மட்டும் யோசியுங்கள்.

ரேம் 8 ஜிபி போதுமா?

பத்து டேப் திறந்து வைக்கும் இன்றைய உலாவிப் பழக்கத்துக்கு 8 இறுக்கம், 16 நிம்மதி. உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள சில்லு தனக்கான நினைவகத்தையும் இதே ரேமில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். அதனால் 16 ஜிபி வாங்கும்போது ஒற்றைக் குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். இரண்டு தடமாகத் தரவு போவதால் 5600ஜியின் கிராபிக்ஸ் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். இன்றைய விலையில் இரண்டும் முடியவில்லை என்றால் 8இல் தொடங்கி, ஒரு துளையைக் காலியாக விட்டுவைக்கலாம்.

டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ என்பதை மதர்போர்டு முடிவு செய்யும். ஒன்றுக்கான துளையில் மற்றொன்று நுழையாது. அழுத்திப் பார்க்க வேண்டாம்.

எஸ்எஸ்டி கட்டாயமா?

கட்டாயம். பழைய சுழலும் வட்டை மட்டும் நம்பி இன்று கணினி அசெம்பிள் செய்வது பாவம். மதர்போர்டில் எம்.2 என்ற துளையில் செருகும், வேகமான என்விஎம்இ வகை 500 ஜிபி போதும். எம்.2 என்பது உருவம் மட்டுமே. அதே உருவத்தில் பழைய, மெதுவான சாட்டா வகையும் இருக்கிறது, அதன் வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்பியில் நின்றுவிடும். பெட்டியில் என்விஎம்இ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் புகைப்படங்களின் இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேபினெட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்கிறார்கள்…

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய சிறு அழுத்தங்களாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ். மற்ற எல்லாப் பாகங்களுக்கும் சோறு போடுவது அதுதான். அது கெட்டால் தான் மட்டும் கெட்டுப்போவதில்லை. போகிற போக்கில் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனாலும் வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. விளம்பரத்தில் இதன் பெயர் வருவதில்லை என்பதுதான் காரணம்.

இலவசமாக வரும் பெட்டியில் பெரிதாக 450 என்று அச்சிட்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது 12 வோல்ட் தடத்தில் இருந்துதான். அந்தத் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதை 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். மீதி 258 வாட் அந்த இரண்டுக்கும் உதவாது.

80 பிளஸ் சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டையாவது வேலைக்குத் தந்து, மீதியை மட்டும் வெப்பமாக விடுகிறது என்பது அந்தச் சான்றின் பொருள். 5600ஜி கணினிக்கு 450 வாட் தேவைக்கு மேல்; பின்னால் ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டு சேர்த்தாலும் தாங்கும். அடுத்த கணினிக்கும் இதையே கழற்றி மாட்டலாம்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. கணினியில் கோளாறா?

பெரும்பாலும் வீட்டில் கோளாறு. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை கசியவிடும் மிகச் சிறு மின்னோட்டம் எர்த் கம்பி வழியாகத் தரைக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லாத வீட்டில் அது போக வழியில்லாமல் கேபினெட் உலோகத்தில் தங்குகிறது. மின்னழுத்தத்தில் பாதி, சுமார் 115 வோல்ட் வரை காட்டும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பொதுவாகச் சுருக்கென்பதோடு நிற்கிறது.

பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. சிலர் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளை சாக்கெட்டில் செருகுவார்கள். இரண்டும் வேண்டாம். ஷாக் அடிக்காமல் இருக்க ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லும் அறிவுரையும் வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு சாக்கெட்டுக்காவது முறையாக எர்த் இழுக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் கணினிச் செலவில் எழுதுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனி யுபிஎஸ் வேண்டுமா?

மின்சாரம் போன நொடியில் இருந்து இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் வரை ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிநொடி வரை தன் உள்ளிருப்பில் சமாளிக்கும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும். முதலில் அதில் வைத்துப் பாருங்கள், கணினி அணையாமல் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

அணைந்தால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். அது பொதுவாக 360 வாட் அளவு தாங்கும். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி மின்கலம் ஒன்று இருக்கும். கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைக்கப் போதும், படம் பார்த்து முடிக்கப் போதாது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த மின்கலம் களைத்துவிடும். முழு யுபிஎஸ்ஸையும் தூக்கிப் போடாமல் மின்கலத்தை மட்டும் மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருக வேண்டாம்.

அலுவலகங்கள் கழித்துப்போட்ட டெல், ஹெச்பி, லெனோவா கணினிகள் விற்கிறார்களே?

மேலே திட்டிய ஐ5 விளம்பரமும் இதுவும் ஒன்றல்ல. டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் ஆகியவை நிறுவனங்களுக்காகவே உறுதியாகச் செய்யப்பட்டவை. 2018இல் வந்த ஐ5 8500 போட்ட ஒன்று கிடைத்தால், 6 கோர் இருக்கிறது, விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், பல சமயம் உரிமமும் அந்த மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். புதிதாக அசெம்பிள் செய்ய ஆசைப்பட்டு வந்த பலரை நானே இதற்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குறை ஒன்று உண்டு: பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், கெட்டால் பொதுவான பாகம் பொருந்தாது. எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம்.

மானிட்டருக்குப் பதில் டிவியை மாட்டலாமா?

படம் பார்க்கலாம். எழுத்து படித்தால் ஓரங்கள் மங்கிக் கண் வலிக்கும். 22 அல்லது 24 அங்குலத்தில், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை மானிட்டர் வாங்குங்கள். இதில் சேமிக்க வேண்டாம். கீபோர்டு, மவுஸ் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

ரிச்சி தெருவிலா, இணையத்திலா?

சென்னையில் ரிச்சி தெரு என்று சொல்வது அண்ணா சாலையை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவையும் அதைச் சுற்றிய சந்துகளையும் சேர்த்துத்தான். அங்கே வாங்குவதில் ஒரு வசதி: ரேம் வேலை செய்யவில்லை என்றால் மறுநாளே கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம். இணையத்தில் வாங்கியதுபோலப் பொதிப் பெட்டியோடு, இந்தி பேசும் உதவி மையத்திடம் மாட்ட வேண்டாம்.

பேரம் முடியும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: “பில் வேண்டுமா, வேண்டாமா?” வேண்டாம் என்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும். பில் இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை. பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. பெட்டி இல்லாமல் தட்டில் இருந்து எடுத்துத் தரும் சில்லுக்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் பில்லில் இருக்கிறதா என்று கடையிலேயே நின்று சரிபாருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

நானே அசெம்பிள் செய்ய முடியுமா?

ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பயப்பட வேண்டிய இடம் ஒன்றே: ப்ராசஸர். 5600ஜியில் முட்கள் சில்லின் அடியில் இருக்கும்; 12100க்கு மதர்போர்டின் குழியில் இருக்கும். முள் வளைந்தால் உத்தரவாதம் கைகொடுக்காது. மூலையில் உள்ள சிறு முக்கோணக் குறிகளை நேராக வைத்தால் சில்லு தானாக உட்காரும், அழுத்த வேண்டியதே இல்லை. ரேமுக்கு நேர் எதிர். கிளிக் என்று சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும்.

கேபினெட்டில் பூட்டும் முன் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே ப்ராசஸர், விசிறி, ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்துத் திரையில் படம் வருகிறதா என்று பாருங்கள். முழுதும் பூட்டிவிட்டு மறுபடி பிரிக்கும் எரிச்சல் மிச்சமாகும். பாகங்களைத் தொடுமுன் ஜன்னல் கம்பி போன்ற உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடலில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

பூட்டிவிட்டேன், திரை கறுப்பாகவே இருக்கிறது.

ப்ராசஸருக்கு அருகே செருக வேண்டிய தனி 8 முள் மின்கம்பியை மறந்திருப்பீர்கள். அது இருக்கிறது என்றால் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். பழைய சரக்கான மதர்போர்டில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) புதுப்பிக்காமல் இருந்தால் புதிய சில்லை அடையாளம் தெரியாது. கடையில் சொன்னால் ஏற்றித் தருவார்கள். டிடிஆர்5 கணினி என்றால் முதல் முறை ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், பொறுத்திருங்கள்.

விண்டோஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கடையில் சும்மாவே போட்டுத் தருகிறார்களே?

சும்மா போட்டுத் தருவது உடைத்த விண்டோஸ். அதை உண்மையானதுபோல நடிக்க வைக்கும் சிறு நிரல், வேலை செய்ய வேண்டுமென்றால் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். அடையாளம் தெரியாத ஒருவரின் நிரலுக்காகக் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதா?

மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே விண்டோஸ் 11ஐ 8 ஜிபி பென் டிரைவில் இறக்கி நிறுவலாம். உரிமம் வாங்காத வரை மூலையில் ஒரு வாசகம் தெரியும், திரைப் பின்னணி போன்றவற்றை மாற்ற விடாது. பணம் சேர்ந்ததும் முறையாக வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாம், உள்ளேயே இருக்கும் டிஃபென்டர் போதும்.

லினக்ஸ் வீட்டுக்கு ஒத்துவருமா?

தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை, பாவம். இன்று தொடங்குவதென்றால் லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு வரும். லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது.

நிறுவும் முன் பிரிண்டரை யோசியுங்கள். ஹெச்பி வகைகள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். நம் ஊர் ஜெராக்ஸ் கடை தோறும் இருக்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் கொஞ்சம் மல்லுக்கட்ட வைக்கும். வாலரன்ட் ஓடவே ஓடாது. வீட்டில் பையன் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய என்ன வாங்க வேண்டும்?

எதுவும் வாங்க வேண்டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11, லினக்ஸ் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தூசி தட்டுவது?

தரையில் வைத்திருந்தால் மூன்று மாதம், மேசை மேல் என்றால் ஆறு மாதம். மே மாத வெயில் தொடங்கும் முன் கட்டாயம் ஒருமுறை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷாலோ ஊதுகுழல் கருவியாலோ தட்டலாம். ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி வேகமாகச் சுழன்றால் அதன் அச்சு தேயும்.